நான் கீறாத என் கீறல்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். குழாயில் 6.10 வரை தண்ணீர் வந்தது. மூன்று இட்லி, ஒரு காபி. திலக் நகரில் 8.04 ரயிலில் ஏறினேன். வடாலாவில் உட்கார இடம் கிடைத்தது. 9 மணிக்கு பம்பாய் ஃபோர்ட்டில், வெள்ளைக் கோட்டு மாட்டி, கை கழுவி, இரண்டாம் மேசையில் இருந்தேன். முதல் கடிகாரத்துக்குக் கண்ணாடி மாற்றினேன். இரண்டாவதில் தண்ணீர் புகுந்திருந்தது. மூன்றாவது 11.20-க்கு வந்தது. அதன் பின்மூடியைத் திறந்தபோது உள்பக்கம் என் கீறல் இருந்தது. அதை நான் கீறவில்லை.

நான் விருப்ப ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தேன்: விலை உயர்ந்த வெளிநாட்டுக் கடிகாரங்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர். போன மாதம் அங்கே ஒரு புது உத்தரவு வந்ததாம். இனி பின்மூடிக்குள் யாரும் எதையும் கீறக் கூடாது, எல்லாம் கணினியில்தான் பதிவு. கோவண்டியிலிருந்து அங்கே வேலைக்கு வரும் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். "சார், அவ்ளோ காஸ்ட்லி வாட்ச்சுக்குள்ள போயி நீங்கல்லாம் எதுக்கு கிறுக்கினீங்க?" அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுதிக் கொடுத்தால் அப்பாவை வாசிக்கச் சொல்கிறேன் என்றாள். அதற்காகத்தான் அந்த வருடத்து டைரியை எடுத்தேன்.

கீறலின் காரணம் எளிது. ஒரு கடிகாரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து மூடுகிறவன், மூடும் முன் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் மூன்று விஷயங்களைக் கீறுவான்: வேலை எண், மாதமும் வருடமும், தன் பெயரின் முதல் எழுத்து. அணிந்திருப்பவருக்கு அது ஒருநாளும் தெரியாது. அடுத்துத் திறக்கும் ஆளுக்குத் தெரியும். பழுது இருந்தால் யார் கையால் வந்த பழுது என்றும் தெரிந்துவிடும்.

ஐ.டி.ஐ. முடித்து, இருபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். முதல் ஏழு மாதம் மூடிகளைத் திறந்து மூடியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பிறகு இரண்டு வருடம் சுத்தம் செய்வது, ஒரு வருடம் எண்ணெய் வைப்பது. நான்காம் வருடம்தான் கீறும் ஊசியைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி பற்றி இவ்வளவு போதும்.

ஊசியைக் கொடுத்தவர் பெஹ்ராம் சார். பார்சிக்காரர், எங்கள் தலைமைப் பரிசோதகர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏதாவது சொல்லப் போனால் கையை உயர்த்தித் தடுப்பார். "பஹலே லிக்கோ, ஃபிர் போலோ." முதலில் எழுது, பிறகு பேசு. எழுதிக் கொண்டுபோனதை நின்றபடியே வாசிப்பார். பிழை இருந்தால் அந்தச் சொல்லின் மேல் சிவப்பு மசியில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுப்பார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். ஒருமுறை 'கடிகாரம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியதற்கு நான்கு முறை புள்ளி வாங்கினேன். ஐந்தாம் முறை, 'முள் ஓடுகிறது, கண்ணாடியில் இரண்டு கோடு, சாவி சற்று இறுக்கம்' என்று எழுதினேன். தலையை ஆட்டினார். நல்ல நிலை என்பது கண்ணால் பார்க்கக் கூடிய பொருள் அல்ல என்று அன்று புரிந்தது.

இனி அந்த மூன்றாவது கடிகாரம்.

வேலைச் சீட்டில் 'நின்று நின்று ஓடுகிறது' என்று இருந்தது. உரிமையாளர் மாட்டுங்காவில் இருக்கும் ஆடிட்டர் கல்யாணராமன். முறைப்படி தொடாமல் முதலில் லென்ஸால் பார்த்தேன். பிறகு பட்டையைக் கழற்றினேன். கையால் தைத்த புதுத் தோல்பட்டை, நல்ல வேலை. கடிகாரத்தைப் பிடியில் வைத்து, பின்மூடியின் பள்ளங்களில் மூடி திறக்கும் சாவியைப் பொருத்தித் திருகினேன். ஒரு கைக்கு வர வேண்டிய மூடி இரண்டு கைக்கும் வரவில்லை. மூன்றாம் முயற்சியில் ஒரு சத்தத்தோடு சுற்றியது. மூடியின் திருகு மரையில் உலோகப் பிசிறுகள். உள்ளே இயந்திரம் அசல். மூடி அசல் அல்ல. நிறுவனத்தின் எழுத்துகள் அச்சில் அடித்தவையாக இருக்க வேண்டும். இவை வெட்டிச் செதுக்கியவை. அவற்றின் கீழே 214, அதற்கும் கீழே 3-16, பக்கத்தில் எஸ் என்ற ஆங்கில எழுத்து. எஸ் என்றால் சுப்பிரமணியன். நான்.

எண்ணை மட்டும் பார்த்திருந்தால் யாரோ எழுதினார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் 4-இன் கால் கீழே நீண்டு, தூண்டில் முள் மாதிரி இடப்பக்கம் வளைந்திருந்தது. 2016 மார்ச்சில் இதே கடிகாரத்தை நான் பார்த்தபோது என் ஊசி வழுக்கி அப்படித்தான் வளைந்தது. அது என் டைரியில் இருக்கிறது. கை ஒருமுறை வழுக்கியது போல இன்னொரு முறை வழுக்காது.

எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பெஹ்ராம் சார் வாசித்தார், மூடியை நுண்ணோக்கியில் பார்த்தார், மறுபடி வாசித்தார். புள்ளி வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"2016-க்குப் பிறகு இதை யார் திறந்தது?"

"நம் பதிவில் யாரும் இல்லை, சார்."

"அப்படியானால் அசல் மூடியை எடுத்துவிட்டு இதைப் போட்டது யார்?"

மறுநாள் காலை டைரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு மூடி வைத்தார். "டைரி உன்னுடையது. கீறல் உன்னுடையது. வழுக்கலும் உன்னுடையது. மூன்று சாட்சி, மூன்றும் நீயே."

தகவல் போயிருந்ததால் அன்று பதினொரு மணிக்குக் கல்யாணராமன் நேரில் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உள்ளே இருக்கறது உங்க கையெழுத்து. நீங்கதான் ஒத்துக்கறேள். அப்போ வேற யாரைக் கேப்பேன்?"

"இதை வேற எங்கயாவது கொடுத்தீங்களா, சார்?"

"நான் யார்ட்டயும் குடுக்கலை. ஸ்ட்ராப் மாத்தினேன், அவ்வளவுதான். தாராவியில ஒருத்தன் கையால தைக்கறான். டிசம்பர்ல பத்து நாள் அவன்ட்ட இருந்தது. எங்க கிளப்ல பாதிப் பேர் அவன்ட்டதான் தைச்சுக்கறா. தோல் தைக்கறவனுக்கு வாட்ச் மூடி என்ன தெரியும்? விஷயத்தை மாத்தாதீங்கோ."

அவர் போன பிறகு பெஹ்ராம் சார் நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போகும். அதுவரை நான் மூடி திறக்கலாம், கீறக் கூடாது. முதல் மேசைக்காரர் எனக்காகக் கீறுவார். இதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். அன்று மதிக்கவில்லை.

புதன் பிற்பகல் நான்கு மூடிகளை மூடினேன். நான்கிலும் வேறொருவரின் எழுத்து. கை சும்மா இருக்க மறுத்தது. மேசையில் இருந்த திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றால் என்னைப் பற்றியோ என்று தோன்றியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கூட டைரியில் எழுதியிருக்கிறேன்.

வியாழன் அரைநாள் விடுப்பு. சயானில் இறங்கி, தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் நடந்தேன். ஆடிட்டர் கொடுத்த விலாசத்தை மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாமவர் சரியாகச் சொன்னார். கீழே தோல் கிடங்கு, மேலே ஏற இரும்பு ஏணி. மேலே ஜன்னலோரம் ஒருவர் பெல்ட் பக்கிள் ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் இப்ராஹிம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர் தென்காசிப் பக்கம். பேச்சில் அது அப்படியே இருந்தது.

"வாங்க சார், உக்காருங்க. பட்டையா, பக்கிளா?"

"மூடி" என்றேன். "மாட்டுங்கா ஆடிட்டர் வாட்ச்சோட பின்மூடி."

அரம் நின்றது. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க போலீஸா?"

"இல்ல, பாய். அந்த மூடிக்குள்ள இருக்கற எஸ் நான்தான்."

"எஸ்ஸுன்னா ஆளா? கம்பெனி மார்க்குன்னுல்லா நெனச்சேன்!"

அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே ஒரு கடிகாரம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆடிட்டருடையதேதான். கையில் எடுத்தால் கதை மாறும். முகப்பில் கோடுகள் கையால் வரைந்தவை. ஏழும் எட்டும் நெருங்கிவிட்டன. உள்ளே ஒரு மலிவான சீன இயந்திரம், கூட்டுக்குச் சிறியது. சுற்றிலும் தோல் துண்டு வைத்து இறுக்கியிருந்தார். நிமிட முள் மணி முள்ளின் மேல் உரசி நின்றுவிட்டது. கூட்டின் பக்கவாட்டு விளிம்பு மட்டும் அபாரம். பக்கிள் செய்கிற கை அது. அந்த மெருகை எங்கள் மேசையில் நான் கொண்டுவந்ததில்லை.

"ரெண்டு வருசம், சார். எங்க வீட்ல இதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு. ஜோலி ஒண்ணும் பாக்காம, குளிச்சு முழுகி உக்காந்திருக்குன்னு சொல்லுவா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்கு பாய் இது? விக்கவா?"

"இதை யாரு வாங்குவா? பட்டை தைக்கதுக்கு ஒவ்வொண்ணா வருது. பத்து நாளு என் கையில கெடக்கும். ராசா மாதிரி இருக்கும். அப்புறம் போயிரும். நம்மளால வாங்க முடியாது. ஒண்ணு செஞ்சிரலாமேன்னு நெனச்சேன். பக்கிளு மாதிரிதான, நடுவுல ஒரு ஓட்டைன்னு."

மற்றதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பின்மூடி மட்டும் அவருக்கு வரவில்லை. மரையின் அளவு பிடிபடவில்லை. ஆடிட்டரின் கடிகாரம் வந்ததும் அதன் மூடியைத் திறந்தார். உள்பக்கத்தின் மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்து முழுவதும் காகிதத்தில் ஏறியது. அதைப் பார்த்து ஒன்றுவிடாமல் தன் மூடியில் செதுக்கினார். எது தொழிற்சாலையின் எழுத்து, எது பழுது பார்த்தவனின் கிறுக்கல் என்று அவருக்குத் தெரியாது. வளைந்த காலையும் சேர்த்தே செதுக்கிவிட்டார். பத்தாம் நாள், மரை சரியா என்று பார்க்கத் தன் மூடியை ஆடிட்டரின் கடிகாரத்தில் பூட்டிப் பார்த்தார்.

"ரெண்டு சுத்து வெண்ண மாதிரி போச்சு. மூணாவது சுத்துல கடிச்சிட்டு. முன்னயும் போவல, பின்னயும் வரல. கீழ ஆடிட்டர் சார் நின்னு கூப்பிடுதாவ, டிரைவர் ஹாரன் அடிக்கான். நான் என்ன செய்யட்டும்? அப்படியே பட்டைய மாட்டிக் குடுத்துட்டேன்."

"அப்புறம் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

"நாலு தடவை நம்பரப் போட்டேன். மூணு தடவை நானே வச்சிட்டேன். ஒரு தடவை அவ்வோ எடுத்தாவ. பட்டை நல்லா இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்குன்னாவ."

அசல் மூடியை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். திறந்து பார்த்தேன். 214. வளைந்த கால். என் கை செய்தது. எடுத்துச் சட்டைப் பையில் போடலாம் என்று விரல் போனது. அவர் துணியோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தாரேன். என் பேரை எழுத மாட்டேன்னு சொல்லுங்க, தாரேன். சார், என்னை நம்பி லட்ச ரூவா வாட்ச்ச ஒரு ஏணி ஏறி வந்து குடுத்துட்டுப் போறாவ. சீட்டு கெடையாது, ரசீது கெடையாது. இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் குடுக்க மாட்டான்."

"பேர் இல்லாம இந்த மூடியை நான் கொண்டுபோனா, திருடினதைத் திருப்பி வச்ச மாதிரி ஆயிடும், பாய். எனக்கு நாளைக்குப் பன்னிரண்டு மணி."

"எனக்கு நாளைக்கு ஜும்மா தொழுகை" என்றார். அவ்வளவுதான். அரத்தை எடுத்துக்கொண்டார்.

மூடி இல்லாமல் இறங்கினேன். பறித்துக்கொண்டு வந்திருக்கலாம். போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். சயான் பிளாட்பாரத்தில் இரண்டு ரயில்களை விட்டேன். மூன்றாவதில் ஏறிக் குர்லாவில் இறங்கி, மாற வேண்டிய பிளாட்பாரத்தை மறந்து எதிர்ப்பக்கம் நடந்தேன். முப்பது வருடமாகத் தெரிந்த ஸ்டேஷன் அது.

வெள்ளி. 11.15-க்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நேற்றுப் பார்த்தது முழுவதையும் எழுதினேன். பெயர் வரும் இடத்தில் 'பட்டை தைப்பவர்' என்று போட்டேன். வாசித்த பெஹ்ராம் சார் அந்தச் சொல்லின் மேல் சிவப்புப் புள்ளி வைத்தார். திருப்பி வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தேன். பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன். 11.40-க்குக் கீழே காவலாளியிடமிருந்து போன். யாரோ ஒரு பாய் என்னைக் கேட்கிறாராம்.

வெள்ளை ஜிப்பா, தொப்பி, கையில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா. "ஜும்மாவுக்கு ஒண்ணரை மணிக்குத்தான் போவணும்" என்றார். "அதுக்கு முன்ன முடிச்சிருங்க."

பெஹ்ராம் சார் ஹிந்தியில் கேட்டார், அவர் பம்பாய் ஹிந்தியில் பதில் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவில்லை. சார் வெற்றுத் தகடு ஒன்றையும் என் ஊசியையும் அவர் முன் வைத்தார். "கீறுங்கள்." இப்ராஹிம் பென்சில் தேய்த்த காகிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு குனிந்தார். ஒன்பது நிமிடம் ஆனது. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சார் மூன்றையும் நுண்ணோக்கியின் கீழ் வரிசையாக வைத்தார்: அசல் மூடி, போலி மூடி, புதுத் தகடு. நெடுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"தேரே ஸே அச்சா எஸ் லிக்தா ஹை."

உன்னைவிட நன்றாக எஸ் எழுதுகிறார். முப்பது வருடத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு.

பன்னிரண்டுக்கு ஆடிட்டர் வந்தார். சார் விஷயத்தைச் சொன்னார். ஆடிட்டர் அசல் மூடியைக் கையில் வாங்கிப் புரட்டினார். டப்பாவிலிருந்த மற்றொன்றைத் தொடவில்லை.

"இதுக்கு மேல நான் எங்கயும் போகலை. தானாத் தேடி வந்து ஒத்துண்டான், அதனால விடறேன்." பிறகு இப்ராஹிமைப் பார்த்தார். "ஆனா எங்க கிளப்ல ஒருத்தரும் இனிமே உன்ட்ட வர மாட்டா. அதை நான் பாத்துக்கறேன்."

"சரிங்க சார்" என்றார் இப்ராஹிம்.

ஆடிட்டர் போன பிறகு பெஹ்ராம் சார் அந்தக் கடிகாரத்தை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். ஊசியையும் வைத்தார். அறிக்கையைச் சுட்டிக் காட்டினார். அந்தப் புள்ளி இன்னும் அங்கேயே இருந்தது.

நான் இப்ராஹிமைப் பார்த்தேன்.

"எழுதுங்க" என்றார். "தகப்பன் பேரோட எழுதுங்க. பாதி எழுதினா நான் ஓடிப்போனவன் மாதிரி இருக்கும்."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, எழுத்து எழுத்தாக. மணி 12.35. அறிக்கை தாமதமாகவே போனது. டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மாலைக்குள் ஆடிட்டரின் கடிகாரத்தின் மரையிலிருந்து பிசிறுகளை மரக்குச்சியால் எடுத்து, பிரித்து, சுத்தம் செய்து, அசல் மூடியின் உள்ளே பழைய 214-க்குக் கீழே புது எண்ணைக் கீறி மூடினேன். கை வழுக்கவில்லை. என் பெயர் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் வீடு வரும் வரை மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு மனிதர் ஒன்பது நிமிடத்தில் என்னைக் காப்பாற்றினார். நான் ஒரே வரியில் அவருடைய ஏணியை எடுத்துவிட்டேன். அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை வழக்கமான ரயிலில் போகவில்லை. முன்னதாகக் கிளம்பிச் சயானில் இறங்கினேன். 7.50-க்கு அந்த இரும்பு ஏணி ஏறினேன். இப்ராஹிம் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னும் என்ன சார் எழுதணும்?"

என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஸ்டீல், தினமும் சாவி கொடுப்பது. அதன் பட்டை இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

"பட்டை மாத்தணும்."

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்மூடியின் விளிம்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

"பத்து நாளு ஆகும்."

"ஆகட்டும்."

"உங்களுக்குப் பயமா இல்லையா சார்?"

"இருக்கு" என்றேன். "ரசீது எழுதிக் கொடுங்க."

அங்கே ரசீதுப் புத்தகம் கிடையாது. காலண்டரில் ஜனவரித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் வாங்கி நின்றபடியே வாசித்தேன். 'வாட்ச் ஒன்று. ஓடுகிறது. நல்ல நிலை' என்று இருந்தது. கடைசிச் சொற்களின் மேல் விரலை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். 'நல்ல நிலை'யை அடித்துவிட்டு, என்னைப் பார்த்தார். குனிந்து 'கண்ணாடியில் ஒரு கோடு. மூடி திறக்கப்படாது' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டார்.